கிராவல் ரோட்டுல பிக்கப் ஆடாம போகணும்னா: சஸ்பென்ஷன் வேலைய எந்த வரிசைல செய்யணும்

பிக்கப் வாங்கினவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது "எந்த லிஃப்ட் கிட் (வண்டி உயரத்த ஏத்தற செட்) போடலாம்"னுதான். கிராவல் ரோட்டுக்கு அது கடைசியா வர வேண்டிய கேள்வி. வண்டி உயரமா இருந்தா மட்டும் ஸ்டெடியா போயிடாது, நாலு டயரும் தரைய விட்டு எந்திரிக்காம இருந்தாதான் ஸ்டெடியா போகும். காலி பிக்கப்ல பின்னாடி எடையே கிடையாது, ஆனா லீஃப் ஸ்பிரிங் (ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின இரும்பு பட்டைங்க) லோடு ஏத்தறதுக்குனு கடினமா செஞ்சது, அதனால சின்ன குழிக்கே பின் டயர் துள்ளுது, துள்ளின டயருக்கு கிரிப் இல்ல, வளைவுல அது நடந்தா பின்பக்கம் வெளிய வழுக்கிட்டு போகுது. கீழ சொல்ற ஒவ்வொரு வேலையும் இந்த துள்ளல குறைக்கறதுக்குத்தான்.

உதாரணத்துக்கு இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ வச்சு சொல்றேன். முன்னாடி டபுள் விஷ்போன் (வீலுக்கு மேல ஒரு ஆர்ம், கீழ ஒரு ஆர்ம்) காயில் ஸ்பிரிங், பின்னாடி லீஃப். ஹைலக்ஸும் இதே அமைப்புதான். முன்னாடியும் லீஃப் இருக்கற பிக்கப்னா 7வது பகுதிய விட்டுட்டு மத்தத எடுத்துக்கலாம். மேகமலைல இரவங்கலார் பக்கம் போற எஸ்டேட் ரோடு, இமாச்சல்ல ஸ்பிதி பக்கம் கிராம்ஃபூல இருந்து லோசர் போற ரோடு, இல்ல நம்ம தோட்டத்துக்கு போற செம்மண் கிராவல் பாதை, எதுவா இருந்தாலும் வரிசை ஒண்ணுதான். மாறினா உங்க லோடும் வேகமும்தான் மாறும்.

1. எது ஆடுதுனு முதல்ல பிரிங்க

"வண்டி ஆடுது"னு மட்டும் சொன்னா எந்த மெக்கானிக்காலயும் ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்கு பழக்கமான ஒரு கிராவல் துண்டு, ரெண்டு மூணு கிலோமீட்டர் போதும், அதுல 40 கிலோமீட்டர் வேகத்துல போய்ட்டு வாங்க. பக்கத்துல ஒருத்தர் உக்காந்து எழுதட்டும்.

குறுக்கால வரி வரியா விழுந்த இடத்துல பின்பக்கம் நகர்ந்து போகுதுன்னா டயர் காத்து, ஷாக் (ஷாக் அப்சார்பர்), காலி வண்டிக்கு ரொம்ப கடினமான லீஃப், இந்த மூணுல ஒண்ணு. ஸ்டீரிங் பிடிச்ச பிடில நிக்காம வண்டி இடம் வலம்னு தானா அலையுதுன்னா பால் ஜாயின்ட் (வீல் திரும்பறதுக்கான உருண்டை மூட்டு), டை ராட் (ஸ்டீரிங்க வீலோட சேக்கற கம்பி), கன்ட்ரோல் ஆர்ம் (வீல சேசிஸோட சேக்கற கை) புஷ் (மூட்டுல இருக்கற ரப்பர்), அலைன்மென்ட் பக்கம் பாக்கணும். பெரிய குழில டமார்னு அடிக்குதுன்னா ஸ்பிரிங் தொங்கிப் போச்சு, இல்ல பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுசா அமுங்கறப்ப அடிய வாங்கற ரப்பர்) காணாம போச்சு. நீளமான கிராவல்ல போறப்ப ஆரம்பத்துல நல்லா இருந்து பத்து கிலோமீட்டர் தாண்டினதும் படகு மாதிரி மிதக்குதுன்னா ஷாக் சூடாகி வேலைய நிறுத்திடுச்சுனு அர்த்தம்.

இத எழுதி வைக்காம நேரா கடைக்கு போனா கடைக்காரர் எத விக்கணும்னு நினைக்கிறாரோ அதுதான் உங்க வண்டில ஏறும்.

2. கைல இருக்க வேண்டியது

நம்பகமான காத்து கேஜ், டேப், நல்ல டார்க் ரெஞ்ச் (சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்கற ஸ்பானர்), உங்க வண்டியோட சேசிஸ தாங்கற அளவு ரெண்டு ஜாக் ஸ்டாண்ட், ஒரு ட்ராலி ஜாக்கி, வீல் சோக் (வண்டி உருளாம டயருக்கு வைக்கற கட்டை), வயர் பிரஷ். டயருக்கு காத்து அடிக்க 12 வோல்ட் கம்ப்ரசர். இது ஏன் வேணும்னு 4வது பகுதில தெரியும்.

உங்க மாடலோட சர்வீஸ் மேனுவல்ல இருக்கற டார்க் அளவுகள வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க. யு போல்ட் (லீஃப ஆக்ஸிலோட கட்டற யு வடிவ போல்ட்), ஷாக் மேல் நட், ஷாக் கீழ் போல்ட், ஷேக்கிள் (லீஃபோட ஒரு நுனிய சேசிஸோட சேக்கற ஆடற இணைப்பு), ஸ்பிரிங் முன் கண் (லீஃப் நுனில சுருட்டின வளையம்) போல்ட், கன்ட்ரோல் ஆர்ம் போல்ட், எல்லாத்துக்கும் அளவு வேற வேற. வேற மாடல் அளவ "கிட்டத்தட்ட"னு எடுத்து போட்டுடாதீங்க.

லீஃப கழட்டப் போறீங்கன்னா புது யு போல்ட், புது நட் வாங்கி வச்சுக்கோங்க. யு போல்ட்ட டைட் பண்றப்ப அது கொஞ்சம் இழுபட்டு நிக்கும், அந்த இழுவிசைதான் ஆக்ஸில புடிச்சு வைக்குது. ஒரு தடவ இழுபட்டத கழட்டி திரும்ப போட்டா அதே பிடி கிடைக்கும்னு சொல்ல முடியாது, மரையும் தேஞ்சிருக்கும்.

முதல் நாள் ராத்திரியே எல்லா போல்ட்டுக்கும் துரு இளக்கற ஸ்பிரே அடிச்சு விட்ருங்க. காலைல அடிச்சிட்டு உடனே ஸ்பானர போட்டா போல்ட் தலை உருண்டுடும்.

சட்டத்தையும் இங்கயே சொல்லிடறேன், வேலை முடிஞ்சப்புறம் சொன்னா பிரயோஜனம் இல்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு வண்டிய மாத்தறதுக்கு கட்டுப்பாடு போடுது, கம்பெனி கொடுத்த அசல் அமைப்புல இருந்து வண்டிய மாத்தக் கூடாதுனு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. நான் சொல்ற வேலைல பெரும்பாலானது தேஞ்ச பார்ட்ட மாத்தறதும் செட்டிங்கும்தான், உயரத்த ஏத்தற கதை இல்ல. ஸ்பிரிங் மாத்தறதா இருந்தா முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ் கம்பெனிலயும் கேட்டுக்கோங்க. கிளெய்ம் வர்றப்பதான் அந்த பேச்சு ஞாபகம் வரும்.

3. எடை போடுங்க, உயரத்த அளங்க

புதுசா வர்றவங்க பாதி பேர் இத தாண்டி போயிடறாங்க, அப்புறம் தப்பான ஸ்பிரிங் வாங்கிட்டு வந்து நிக்கறாங்க.

பக்கத்துல எடை மேடை இருக்கும், அரிசி மில், குவாரி, கரும்பு ஆலை பக்கத்துல கண்டிப்பா இருக்கும். வழக்கமா எப்படி போவீங்களோ அப்படியே போங்க, டீசல், டூல்ஸ், கேனோபி (பின் பெட்டுக்கு மேல போடற கூடு) இருந்தா கேனோபி, ஆள் எல்லாம் சேத்து. மொத்த எடை ஒரு தடவ. அப்புறம் முன் டயர் மட்டும் மேடைல நிக்கற மாதிரி ஒரு தடவ, பின் டயர் மட்டும் ஒரு தடவ. இந்த மூணு நம்பர்தான் எந்த ஸ்பிரிங்னு முடிவு பண்ணும். ஆர்சி புக்ல இருக்கற அன்லேடன் எடையோட (காலி வண்டி எடை) ஒப்பிட்டு பாருங்க, ஸ்டீல் பம்பர், வின்ச், ரூஃப் ரேக்குனு சேத்தது எவ்ளோனு அப்பதான் தெரியும். கிராஸ் எடைய (வண்டிக்கு அனுமதிச்ச மொத்த எடை) தாண்டிருந்தா சஸ்பென்ஷன் வேலைய நிறுத்திட்டு முதல்ல சாமான இறக்குங்க. ஸ்பிரிங்க மாத்தினதால வண்டியோட அனுமதி எடை கூடாது, பிரேக்கும் சேசிஸும் ஆக்ஸிலும் அதே பழையதுதான்.

உயரம் அளக்கறது: சமதளமான சிமெண்ட் தரைல நிறுத்துங்க, வீலோட நடு மையத்துல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் நேர் மேல, நாலு மூலைக்கும். தரைல இருந்து அளக்காதீங்க, டயர் காத்து மாறினா அந்த அளவும் மாறிடும். இடத்துக்கும் வலத்துக்கும் வித்தியாசம் நல்லா தெரியற அளவு இருந்தா ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்திருக்கு, இல்ல ஒரு லீஃப் உடைஞ்சிருக்கு. டார்ச் அடிச்சு லீஃப் ஒவ்வொண்ணா பாருங்க, உடைசல் சென்டர் போல்ட் (லீஃப் எல்லாத்தையும் நடுவுல கோத்து புடிக்கற போல்ட்) ஓட்டை பக்கத்துலதான் அதிகம் ஒளிஞ்சிருக்கும், யு போல்ட் பிளேட் மூடிட்டு இருக்கறதால மேலோட்டமா பாத்தா தெரியாது.

4. டயரும் காத்தும், காசு செலவழிக்கறதுக்கு முன்னாடி

கிராவல் ரோட்டுல சின்ன கல்ல வாங்கிக்கற முதல் ஸ்பிரிங் டயரோட பக்கச்சுவர்தான். தார் ரோட்டுக்கு வச்ச காத்தோட கிராவல்ல இறங்கினா டயர் கல்லா நிக்கும், ஒவ்வொரு கல்லும் நேரா ஆக்ஸிலுக்கு போகும்.

டிரைவர் கதவுல இருக்கற ஸ்டிக்கர் அளவ எடுத்துக்கோங்க, கிராவல்ல இறங்கறப்ப அதுல இருந்து 20 சதவீதம் குறைங்க. 35 பிஎஸ்ஐனா 28. லோடு இருந்தா கம்மியா குறைங்க, பின்னாடி நெறய எடை இருந்தா பின் டயர்ல கை வைக்கவே வேணாம். வேகத்தையும் சேத்து குறைக்கணும், குறைஞ்ச காத்துல 80ல போனா பக்கச்சுவர் சூடாகி டயரே போயிடும். சரியா குறைச்சிருக்கோமானு பாக்க ஒரு வழி இருக்கு: ஆறின டயர்ல அளந்துட்டு ஒரு மணி நேரம் ஓட்டிட்டு திரும்ப அளங்க. 4 பிஎஸ்ஐ அளவு ஏறிருந்தா சரி. அதவிட நெறய ஏறிருந்தா டயர் அதிகமா மடங்கி சூடாகுது, கொஞ்சம் காத்து சேக்கணும். ரொம்ப கம்மியா ஏறிருந்தா இன்னும் கொஞ்சம் குறைக்கலாம். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிச்சிடணும், கம்ப்ரசர் அதுக்குத்தான்.

அளவு விஷயம். வி-கிராஸ்ல 255/60 ஆர்18 டயர் வருது, பக்கச்சுவர் உயரம் 153 மி.மீ. அதையே 17 இன்ச் வீலுக்கு மாத்தி 265/65 ஆர்17 போட்டா பக்கச்சுவர் 172 மி.மீ ஆகும், மொத்த விட்டம் 763ல இருந்து 776க்கு, ரெண்டு சதவீதத்துக்கும் கம்மிதான் கூடுது. 19 மி.மீ கூடுதல் ரப்பர் கிராவல்ல நல்லாவே தெரியும். வீல் பிரேக் காலிப்பர்ல இடிக்காம உக்காருதா, ஸ்டீரிங்க முழுசா ஒடிச்சா உரசாதானு போட்டு பாத்துட்டு வாங்குங்க. பெரிய வீலும் ஒல்லி பக்கச்சுவரும் கிராவலுக்கு ஆகவே ஆகாது, போட்டோல எவ்ளோ அழகா இருந்தாலும்.

நெறய ப்ளை (உள் அடுக்கு) இருக்கற கனமான மட் டயர (சேத்துக்கு செஞ்ச டயர்) நேரா வாங்கிடாதீங்க. டயரும் வீலும் ஆக்ஸிலும் ஸ்பிரிங்குக்கு கீழ தொங்கற எடை, அது கூடினா துள்ளறதும் கூடும், ஷாக்குக்கு வேலையும் கூடும். நம்ம ரோட்டுக்கு ஆல் டெரெய்ன் (தார், கிராவல் ரெண்டுக்கும் ஆகற டயர்) போதும்.

இந்த ஒரு வேலைய முடிச்சிட்டு 1வது பகுதில போன அதே துண்டுல திரும்ப போய் பாருங்க. பல பேருக்கு பாதி பிரச்சனை இங்கயே முடிஞ்சிடும்.

5. புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங்

புது ஷாக்க போட்டும் வண்டி அலையுதுன்னு வர்ற கேஸ்ல பெரும்பாலும் புஷ்தான் போயிருக்கும். தேஞ்ச புஷ்ஷுக்கு மேல புது ஷாக் போட்டா அந்த கூடுதல் பலமெல்லாம் அந்த லூஸுலயே போயிடும்.

முன் வீல தூக்கி ஸ்டாண்ட்ல வைங்க. டயர மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க, லூஸ் இருந்தா பால் ஜாயின்ட் இல்ல பேரிங். இடமும் வலமும் புடிச்சு ஆட்டினா டை ராட், ஸ்டீரிங் ரேக் லூஸ் தெரியும். ஒருத்தர் ஆட்டட்டும், இன்னொருத்தர் அந்த ஜாயின்ட் மேல விரல வச்சு பாக்கட்டும், கண்ணுக்கு தெரியாத லூஸ் விரலுக்கு தெரியும். கன்ட்ரோல் ஆர்ம் புஷ்ஷ பெரிய லிவர் போட்டு நெம்பி பாருங்க, ரப்பர் கிழிஞ்சிருந்தா வாய பொளக்கும்.

பின்னாடி லீஃப் முன் கண் புஷ், ஷேக்கிள் புஷ் பாருங்க. இதுங்க தேஞ்சா ஆக்ஸில் நேரா நிக்காது, ஒரு பக்கம் கொஞ்சம் பின்னாடி நகரும், அப்ப பின் ஆக்ஸிலே வண்டிய ஒரு பக்கமா திருப்பும். கிராவல்ல வண்டி அலையறதுக்கு இது பெரிய காரணம், ஆனா யாரும் அங்க பாக்கறதில்ல.

ரப்பரா பாலியூரித்தேனானு கேப்பாங்க. கிராவலுக்கு என் ஓட்டு ரப்பருக்குத்தான். பாலி கடினம், அதிர்ச்சிய அப்படியே சேசிஸுக்கு அனுப்பும், அதோட புழுதி உள்ள போய் கிரீஸ் காஞ்சா கீச்சு கீச்சுனு கத்த ஆரம்பிச்சிடும்.

6. ஷாக், இந்த வேலையோட நடுநாயகம்

ஸ்பிரிங் எடைய தாங்கும், ஷாக்தான் ஆட்டத்த அடக்கும். ஆட்டத்த சூடா மாத்தி வெளிய விடறதுதான் அதோட வேலை. வரி விழுந்த ரோட்டுல நொடிக்கு பல தடவ பிஸ்டன் மேலயும் கீழயும் ஓடுது, உள்ள இருக்கற ஆயில் சூடாகி அதுல காத்துக் குமிழ் கலந்து நுரைக்குது, நுரைய பிஸ்டன் தள்றப்ப எதிர்ப்பே இருக்காது. பத்து கிலோமீட்டருக்கு அப்புறம் வண்டி மிதக்கறது அதனாலதான்.

கடைல மூணு வகை கிடைக்கும். சாதாரண ட்வின் ட்யூப்: கம்பெனி வண்டில பெரும்பாலும் இதுதான், தார் ரோட்டுக்கு நல்லது, நீளமான கிராவல்ல சீக்கிரம் களைச்சிடும். ஃபோம் செல் ட்வின் ட்யூப்: வாயுவுக்கு பதிலா உள்ள ஒரு ஃபோம் வச்சிருப்பாங்க, ஆயிலோட கலக்க வாயு தனியா இல்லாததால நுரைக்கறது குறையும், ஆயிலும் அதிகம் புடிக்கும். மோனோ ட்யூப்: அழுத்தமான நைட்ரஜன ஒரு மிதக்கற பிஸ்டன் ஆயில்ல இருந்து பிரிச்சு வைக்கும், வெளிச்சுவரே சூட்ட நேரா காத்துக்கு விடும், சூடு தாங்கறதுல இதுதான் மேல.

அப்ப எல்லாரும் மோனோ ட்யூப் போட்டுடலாமேன்னா, அங்கதான் கிராவல் குறுக்க வருது. மோனோ ட்யூப்ல பிஸ்டன் அந்த வெளிச்சுவர்லயேதான் ஓடுது, முன் டயர் அடிக்கற கல்லு பட்டு சுவர் உள்ள அமுங்கினா பிஸ்டன் மாட்டிக்கும், ஷாக் காலி. ட்வின் ட்யூப்ல உள்ள தனி குழாய் இருக்கறதால சின்ன அடிய தாங்கிடும். அதனால எஸ்டேட், தோட்டம், குவாரினு கல்லு அதிகம் வேகம் கம்மியா ஓட்டறவங்களுக்கு பெரிய விட்டத்துல ஃபோம் செல். ஸ்பிதி மாதிரி நாள் முழுக்க வரி விழுந்த ரோட்டுல ஓட்டறவங்களுக்கு மோனோ ட்யூப், பின்னாடி ஷாக்குக்கு கல் தடுப்பு கவசத்தோட.

வாங்கறப்ப கேக்க வேண்டியது: நான் வச்சிருக்கற ஸ்பிரிங்குக்கு இந்த ஷாக்கோட வால்விங் (ஆயில எவ்ளோ தடுத்து விடணும்ங்கற செட்டிங்) பொருந்துமா, விரிஞ்ச நீளமும் சுருங்கின நீளமும் எவ்ளோ. பின்னுக்கு மட்டும் கடினமான ஷாக்க போட்டுட்டு முன்னாடி பழசையே விடறது ரொம்ப சாதாரணமா நடக்கற தப்பு, அப்புறம் முன்னும் பின்னும் வேற வேற தாளத்துல ஆடும். நாலும் சேத்து மாத்துங்க, முடியலன்னா கொஞ்சம் பொறுத்து காசு சேத்து மாத்துங்க.

பின் ஷாக் மாட்டறப்ப: சேசிஸ ஸ்டாண்ட்ல வச்சு ஆக்ஸிலுக்கு கீழ ட்ராலி ஜாக்கி குடுங்க, இல்லனா ஷாக்க கழட்டினதும் ஆக்ஸில் தொங்கி பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடும். சில பிக்கப்ல ஒரு ஷாக் ஆக்ஸிலுக்கு முன்னாடியும் இன்னொண்ணு பின்னாடியும் சாஞ்சிருக்கும், ஆக்ஸில் முறுக்கிட்டு துள்றத அடக்க அப்படி வச்சிருக்காங்க, இடம் வலம் மாத்தி போட்றாதீங்க. ட்வின் ட்யூப்ப தலைகீழா மாட்டக் கூடாது. மாட்டறதுக்கு முன்னாடி நேரா நிமிர்த்தி புடிச்சு நாலஞ்சு தடவ முழுசா இழுத்து அமுக்குங்க, படுக்கப் போட்டு வச்சிருந்தப்ப உள்ள சேந்த காத்து வெளியேறும். மேல் நட்டுல இருக்கற ரப்பர் வாஷர் அளவா உப்பினா போதும், பிதுங்கி வழியற வரைக்கும் டைட் வச்சா கொஞ்ச நாள்ல கிழிஞ்சு டொக் டொக்னு சத்தம் வரும்.

7. முன் காயில்

இந்த வேலைய வீட்டுல பண்ணாதீங்க. காயில் ஓவர்ல (காயிலும் ஷாக்கும் சேந்த ஒரே யூனிட், ஸ்ட்ரட்னும் சொல்வாங்க) அமுங்கி நிக்கற ஸ்பிரிங் ஆள கொல்லும் பலம் உள்ளது. சாதாரண ஹூக் கம்ப்ரசர் நழுவும். சுவர்ல பதிச்ச பிரஸ் கம்ப்ரசர் இருக்கற ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்ட்ரட்ட மட்டும் கழட்டி எடுத்துட்டு போனாலும் போதும்.

ஸ்டாக் (கம்பெனில வந்த) உயரத்துக்கே புது காயில் போடறது கிராவலுக்கு நல்ல தேர்வு. வின்ச்சோ ஸ்டீல் பம்பரோ இருந்தா மட்டும் எடை மேடை நம்பர காட்டி அதுக்கு ஏத்த ரேட்டிங் கேளுங்க. காயில்ல இடம் வலம்னு டேக் இருந்தா அத மாத்தாதீங்க, டிரைவர், டேங்க், பேட்டரி எடைக்கு ஏத்த மாதிரி சில செட்ல உயரம் வேற வேறயா இருக்கும்.

ஸ்பிரிங்குக்கு மேல ஸ்பேசர் (இடைல வைக்கற தடிப்பான வளையம்) வச்சு தூக்கறது, இல்ல ப்ரீலோட (ஸ்பிரிங்க முன்கூட்டியே அமுக்கி வைக்கற அளவு) இறுக்கி தூக்கறது, ரெண்டுமே வீல் கீழ இறங்கற தூரத்த சாப்பிட்டுடும். கிராவல்ல குழி வந்தா வீல் கீழ இறங்கி தரைய தொடணும், இறங்க இடம் இல்லன்னா அந்தரத்துல நிக்கும், ஷாக் முழுசா விரிஞ்சு டக்குனு இடிக்கும். அதோட டிரைவ் ஷாஃப்ட் கோணமும் கூடி பூட் சீக்கிரம் கிழியும்.

8. பின் லீஃப்: கூட்டறதவிட குறைக்கறதுதான் வேலை

"பின்னாடி ஒரு பிளேட் சேத்து போட்டுடுங்க, ஸ்டெடியா நிக்கும்"னு சொல்றது நம்ம ஊர்ல வழக்கம். லோடு அடிக்கற வண்டிக்கு அது சரி. காலியாவோ பாதி லோடுலயோ கிராவல்ல ஓடற வண்டிக்கு நேர் எதிரா வேலை செய்யும், பின் டயர் இன்னும் துள்ளும்.

எடை மேடை நம்பர எடுங்க. பின்னாடி நிரந்தரமா கேனோபி, பெட்டினு 200, 300 கிலோ இருந்தா அதுக்குனு செஞ்ச லீஃப் செட் வாங்கலாம், கம்பெனிங்க நிரந்தர லோடு அளவு வாரியா செட் விக்கறாங்க. லோடு ஒரு நாள் இருக்கும் ஒரு நாள் இருக்காதுன்னா மெல்லிசான லீஃப் நெறயவும், கீழ லோடு வந்தா மட்டும் தொடற கனமான லீஃபும் இருக்கற செட் தேடுங்க. காலியா ஓடறதுதான் அதிகம்னா ஸ்டாக் செட்டயே கழட்டி சுத்தம் பண்ணி திரும்ப போடறது போதும், புதுசு வேணாம்.

அந்த சுத்தம் பண்ற வேலைய கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா இத யாரும் செய்றதில்ல, பலனோ ரொம்ப பெருசு. லீஃபுங்க ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கித்தான் வளையுது. நடுவுல துருவும் செம்மண் புழுதியும் கெட்டிப்பட்டா எல்லாம் ஒரே கட்டையா ஆயிடும், சின்ன கல்லுக்கு வளையாது. செட்ட இறக்கி பெஞ்ச் வைஸ்ல அமுக்கி புடிச்சு, அப்புறம் சென்டர் போல்ட்ட கழட்டுங்க, வைஸ் இல்லாம கழட்டினா லீஃப் தெறிக்கும். கழட்றதுக்கு முன்னாடி ஓரத்துல சாக்பீஸால குறுக்க ஒரு சாஞ்ச கோடு இழுத்துடுங்க, திரும்ப அடுக்கறப்ப வரிசையும் திசையும் தப்பாது. வயர் பிரஷ்ல துருவ எடுங்க, நுனி அடுத்த லீஃப்ல குழி தோண்டிருந்தா அந்த நுனிய லேசா உருட்டி தேய்ங்க. நுனில பிளாஸ்டிக் பேட் இருந்தா புதுசு மாத்துங்க. கிரீஸ அப்பிட வேணாம், புழுதி ஒட்டி அரைக்கும், கிராஃபைட் மாதிரி காஞ்ச லூப்ரிகன்ட் அடிங்க. புது சென்டர் போல்ட் போடுங்க. லீஃப வெல்டிங் டார்ச்சால சூடு பண்ணி வளைக்கறேன்னு யாராவது சொன்னா வண்டிய திருப்பிட்டு வந்துடுங்க, சூடு பட்ட இடத்துல டெம்பர் (இரும்போட உறுதி) போயிடும், அங்கதான் உடையும்.

திரும்ப மாட்டறப்ப சென்டர் போல்ட் தலை ஆக்ஸில் பேடோட ஓட்டைல சரியா உக்காந்திருக்கானு விரல விட்டு பாருங்க. உக்காரலன்னா ஆக்ஸில் கோணலா நிக்கும். யு போல்ட் நாலு நட்டையும் குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

9. பம்ப் ஸ்டாப், ஸ்டெபிலைசர்

பம்ப் ஸ்டாப் ரப்பர் வெடிச்சிருந்தா மாத்துங்க, விலை கம்மி, இல்லனா ஷாக்தான் அந்த அடிய வாங்கும். ஸ்டெபிலைசர் பார்ல லிங்க்கும் புஷ்ஷும் மட்டும் புதுசு போதும். தடிமனான பார் வேண்டவே வேண்டாம், அது இட வீலையும் வல வீலையும் இன்னும் இறுக்கமா கட்டிப்போடும், ஒரு பக்கம் கல்லுல ஏறினா மறுபக்கமும் லேசாகும்.

10. கடைசி டைட், வண்டி தரைல நிக்கறப்ப

இந்த ஒரு விஷயத்தால மட்டுமே எத்தனையோ புது புஷ் சீக்கிரமே கிழிஞ்சிருக்கு. ரப்பர் புஷ் போல்ட்ட சுத்தி உருளாது, ரெண்டு பக்கமும் ஒட்டிட்டு நடுவுல முறுகும். வீல் தொங்கற நிலைல போல்ட்ட முழுசா டைட் வச்சிட்டா அதுதான் அதோட நேர் நிலைனு ஆயிடும், வண்டிய இறக்கினதும் புஷ் எப்பவும் முறுகின நிலைலயே இருக்கும், கிராவல்ல போறப்ப இன்னும் முறுகி கிழியும்.

அதனால தூக்கி வச்சிருக்கப்ப கையால புடிக்கற அளவுக்கு மட்டும் டைட். வீல மாட்டி, வண்டிய இறக்கி, முன்னாடி பின்னாடி கொஞ்சம் உருட்டி, பின்னாடி லோடு பெட்ட நாலு தடவ அமுக்கி விட்டு, அப்புறம் கீழ படுத்து டார்க் ரெஞ்ச்ல முழு அளவு. கன்ட்ரோல் ஆர்ம், லீஃப் கண், ஷேக்கிள், கீழ் ஷாக் புஷ், எல்லாத்துக்கும் இதேதான். மெக்கானிக் கிட்ட குடுத்தீங்கன்னா பக்கத்துலயே நின்னு இத மட்டுமாவது பாருங்க, லிஃப்ட்ல இருக்கப்பவே ஏர் கன்ன அடிச்சு முடிக்கறதுதான் வழக்கமா நடக்கறது.

11. அலைன்மென்ட்

முன்பக்கம் எத தொட்டாலும் அலைன்மென்ட் கட்டாயம். வழக்கமா போற லோடோட போங்க. "டோ (மேல இருந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியயோ திரும்பின கோணம்) மட்டும் பாத்தா போதும்"னு அனுப்பிடுவாங்க, காஸ்டர் (ஸ்டீரிங் அச்சு முன் பின் சாஞ்ச கோணம்), கேம்பர் (வீல் பக்கவாட்டுல சாஞ்ச கோணம்) நம்பரையும் பிரிண்ட் எடுத்து தரச் சொல்லுங்க. கிராவல்ல ஸ்டீரிங் தானா நேருக்கு வர்றதுக்கு காஸ்டர்தான் காரணம். முன்பக்கம் உயர்ந்திருந்தா காஸ்டர் குறைஞ்சிருக்கும், வண்டி லேசா மிதக்கற மாதிரி தோணும். கம்பெனி குடுத்த வரம்புக்குள்ள பாசிட்டிவ் பக்கம் மேல் அளவுல வைக்கச் சொல்லுங்க, ரெண்டு பக்கமும் சமமா. பின் ஆக்ஸிலோட த்ரஸ்ட் ஆங்கிளும் (பின் ஆக்ஸில் வண்டிய தள்ற திசை எவ்ளோ விலகிருக்குங்கற கோணம்) அந்த பிரிண்ட்ல இருக்கும், பூஜ்யத்துல இருந்து விலகிருந்தா சென்டர் போல்ட்டும் புஷ்ஷும் திரும்ப பாக்கணும்.

உயரம் கொஞ்சம் மாறிருந்தா ஹெட்லைட்ட இறக்கி வைங்க, எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். பின் ஆக்ஸில்ல இருந்து பிரேக் வால்வுக்கு போற சின்ன ராட் சில வண்டில இருக்கும், லோட பாத்து பின் பிரேக்க கூட்டி குறைக்கறது அது. பின்பக்க உயரம் கூடினா வண்டி காலியா இருக்குனு நினைச்சு பின் பிரேக்க குறைச்சிடும், அதையும் செட் பண்ணணும்.

12. ஓட்டி பாருங்க, திரும்ப டைட் வைங்க

பழைய அதே துண்டு, அதே 40, அதே காத்து. நோட்டுல எழுதினத வச்சு ஒப்பிடுங்க. லூஸ் கிராவல்ல பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டின்னா 4எச் (நாலு வீலுக்கும் இழுவிசை போற ஹை கியர்) போட்டு ஓட்டலாம், இழுவிசை நாலு வீலுக்கும் பிரியறதால வால் ஆட்டம் குறையும், தார் ரோடு வந்ததும் எடுத்துடணும். ஈஎஸ்சி (வண்டி வழுக்கினா தானா பிரேக் போட்டு நேர்படுத்தற எலக்ட்ரானிக் சிஸ்டம்) இருந்தா அணைக்காதீங்க. "வேகமா போனா வரி மேல மிதந்துட்டு போகும்"னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, குலுக்கல் குறையறது உண்மை, ஆனா டயர் தரைய தொடற நேரமும் குறையுது, பிரேக் அடிச்சா நிக்காது, வளைவுல திரும்பாது.

வரி விழுந்த ரோட்டுல பத்து பதினஞ்சு கிலோமீட்டர் போய் இறங்கினதும் நாலு ஷாக்கையும் தொட்டு பாருங்க, நேரா கைய வச்சு அழுத்தாதீங்க சுடும், புறங்கைய பக்கத்துல கொண்டு போனாலே தெரியும். வேலை செய்யற ஷாக் நல்லா சூடா இருக்கும். ஒரே ஆக்ஸில்ல ஒண்ணு சூடாவும் ஒண்ணு ஆறியும் இருந்தா ஆறினதுதான் செத்தது. ஆயில் கசிவே இல்லாத ஷாக் கூட இதுல மாட்டும்.

500 கிலோமீட்டர் ஓடினதும் யு போல்ட்ட டார்க் ரெஞ்ச் போட்டு திரும்ப பாருங்க, லீஃபுங்க படிஞ்சு உக்காரறப்ப இறுக்கம் கண்டிப்பா குறையும். கூடவே ஷேக்கிள், ஷாக் போல்ட், வீல் நட். நட்டுலயும் போல்ட்டுலயும் சேத்து பெயின்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு விட்டீங்கன்னா அடுத்த தடவ கோடு விலகிருக்கானு குனிஞ்சு பாத்தாலே போதும். உயரமும் நாலு மூலைக்கும் அப்பவே திரும்ப அளங்க, புது ஸ்பிரிங் கொஞ்சம் இறங்கி நிக்கும், அந்த அளவ நோட்டுல எழுதிடுங்க, இறக்கம் நல்லா தெரியுதுன்னா அலைன்மென்ட்ட இன்னொரு தடவ பாத்துடுங்க.